மலையில் நிற்கும் வெள்ளை மரம்: கருப்பந்தேயிலையை அறிந்துகொள்வோம்

"மரம் நடுவோம், மண்ணைக் காப்போம்" என்ற வாசகத்தைப் பாடசாலைச் சுவர் முதல் பிரதேச செயலக வாசல் வரை எங்கும் காண்கிறோம். நல்ல வாசகம்தான். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில், யாருடைய பீலிக்கு மேலே என்று அது சொல்வதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.

சப்ரகமுவத் தோட்டங்களோடு தொடர்புடைய எமது குடும்பங்கள் பல தடவை இடம் பெயர்ந்தவை. 1977இலும், 1981 ஓகஸ்டிலும், 1983 ஜூலையிலும் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எனச் சென்று காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் உண்டு. 2016 மே மாதத்து மண்சரிவாலும், 2017 மே மாதத்து வெள்ளத்தாலும், 2025 நவம்பரில் வந்த டித்வா புயலாலும் வீட்டை இழந்தவர்களும் உண்டு. எங்கு போனாலும் புதிய காணியில் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, "இதில் என்ன மரம் வைப்பது?" என்பது. விரைவில் வளரும், விறகும் பலகையும் தரும் என்று பலரும் காட்டும் மரம் யூக்கலிப்டஸ். தோட்டங்களில் பலர் இதைக் கருப்பந்தேயிலை மரம் என்பர். சிலர் டேர்பன்டைன் என்பர். தமிழ்நாட்டில் தைலமரம் என்பர்.

பெயர் பல. மரமும் ஒன்றல்ல. யூக்கலிப்டஸ் என்ற இனத்தில் 700க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் எமது மலைகளில் அதிகம் காணப்படும் வழுவழுப்பான பட்டையுடைய வகையை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். அதன் விஞ்ஞானப் பெயர் யூக்கலிப்டஸ் கிராண்டிஸ். கிராண்டிஸ் என்றால் பெரியது என்று பொருள். பிரிஸ்பேன் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த வால்டர் ஹில் என்பவர் 1862இல் இதற்கு இப்பெயரை இட்டார்.

பட்டையைப் பாருங்கள்

அடியில் நின்று பார்த்தால், நிலத்தில் இருந்து சில அடி உயரம் வரை பட்டை சொரசொரப்பாக, செதில் செதிலாக இருக்கும். வளர்ந்த மரத்தில் இந்தச் சொரசொரப்பு 10 அடிக்கு மேலும் ஏறலாம். அதற்கு மேல் உச்சி வரை வழுவழுப்பு. வெள்ளை, சாம்பல், சில இடங்களில் இளம்பச்சை எனச் சுண்ணாம்பு பூசியது போல் தெரியும். தடவினால் கையில் மாவு போல் ஒட்டும்.

இந்த வழுவழுப்புக்குக் காரணம் மரம் சட்டை உரிப்பதே. அநேக மரங்களில் பழைய பட்டை உதிராமல் அடுக்கடுக்காகத் தடித்து வெடிக்கும். இதிலோ வெளிப்பட்டை இறந்ததும் நீண்ட கீற்றுகளாக உரிந்து விழும். உள்ளிருந்து புதிய பட்டை வெளிப்படும். புதிய பட்டையில் தெரியும் பச்சை, இலையில் உள்ள அதே பச்சையம்தான். உரிந்த பட்டை கீழே காய்ந்து கிடப்பதால் வரண்ட மாதங்களில் தீ இலகுவாகப் பற்றும். அடுப்பு மூட்ட நல்லது. வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தால் ஆபத்து.

இலை, பூ, காய்

முதிர்ந்த இலை நீண்டு, நுனி கூர்ந்து, அரிவாள் போலச் சற்று வளைந்திருக்கும். நீளம் 3 முதல் 7 அங்குலம். மேற்பக்கம் கரும்பச்சையாக மினுங்கும், கீழ்ப்பக்கம் வெளிறியிருக்கும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியது போல் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கும்போது எழும் மணம் அவற்றில் இருந்தே வருகிறது. கன்றிலும், வெட்டிய அடிக்கட்டையில் விடும் துளிரிலும் இலை அகன்று வேறு உருவில் இருக்கும். அதைக் கண்டு வேறு மரமென்று மயங்க வேண்டாம்.

பூமொட்டுகள் இலைக் கக்கத்தில், பெரும்பாலும் ஏழு ஏழாக, தட்டையான ஒரே காம்பில் கொத்தாக வரும். ஒவ்வொரு மொட்டுக்கும் கூம்பு வடிவில் ஒரு மூடி உண்டு. பூக்கும்போது மூடி கழன்று விழ, வெண்ணிறக் கேசரங்கள் குஞ்சம் போல் விரியும். இந்த மூடியை வைத்தே 1788இல் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், கிரேக்க மொழியில் "நன்றாக மூடப்பட்டது" என்று பொருள்படும் யூக்கலிப்டஸ் என்ற பெயரை வைத்தார்.

கொய்யாப் பூவையும் ஜம்புப் பூவையும் நினைத்துப் பாருங்கள். அதே குஞ்சம்தான். கொய்யா, ஜம்பு, நாவல், கேகாலைத் தோட்டங்களில் பறிக்கும் கராம்பு ஆகிய யாவும் யூக்கலிப்டஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவில் தேன் உண்டு. தேனீ தேடி வரும்.

காய் மிகச் சிறியது, கால் அங்குலம் அளவு. மரம் போல் இறுகியிருக்கும். காய்ந்ததும் மேலே வாய் திறந்து, தூள் போன்ற விதைகளைக் கொட்டும். ஒரு கிராம் விதையில் இருந்து நூற்றுக்கணக்கான கன்றுகள் முளைக்கும்.

உறவுக்கார மரங்கள்

வழுவழுப்பாய் இருப்பதெல்லாம் கிராண்டிஸ் அல்ல. நான்கு மரங்களை வேறுபடுத்தி அறிவது பயனுள்ளது.

ரொபஸ்டா: பட்டை உச்சி வரை தடித்து, செம்பழுப்பு நிறத்தில், அழுத்தினால் பஞ்சு போல் இருக்கும். உரியாது. இதுவும் மலைத் தோட்டங்களில் பழைய மரம்.

மைக்ரோகோரிஸ்: இதன் பட்டையும் சொரசொரப்பு, நார் நாராக இருக்கும். வைரம் பாய்ந்த மரம்.

எலுமிச்சை மணத் தைலமரம்: அடி முதல் நுனி வரை வழுவழுப்பு. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் தூக்கும். 1995இல் விஞ்ஞானிகள் இதை யூக்கலிப்டஸ் இனத்தில் இருந்து பிரித்துக் கொரிம்பியா என்ற புதிய இனத்தில் சேர்த்தார்கள். இதன் எண்ணெயில் இருந்து நுளம்பு விரட்டி தயாரிக்கிறார்கள்.

கமால்டுலென்சிஸ்: இதன் பட்டையும் உரியும். ஆனால் இலையின் இரு பக்கமும் ஒரே வெளிர்பச்சை. மேல் கீழ் என்ற வேறுபாடு இல்லை. வரட்சியைத் தாங்கும். ஆதலால் எமது நாட்டின் உலர் வலயத்தில் வனத் திணைக்களம் இதையே அதிகம் நட்டது. வன்னிப் பக்கம் குடியேறிய எமது உறவுகள் அங்கே கண்டிருக்கக் கூடிய தைலமரம் இதுவாகும்.

ஆக, "தைலமரக் கன்று தருகிறோம்" என்று எவராவது வந்தால் "எந்த வகை?" என்று கேளுங்கள். ஈர மலைக்கான மரத்தை உலர் காணியில் வைத்தால் பயனில்லை.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. தடிமனுக்கு நாம் பூசும் எண்ணெய் பெரும்பாலும் வேறு வகைகளின் இலைகளில் இருந்து வடிக்கப்படுகிறது. எதுவானாலும் அந்த எண்ணெயைக் குடிக்கக் கூடாது. சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அதன் பிறந்த மண்

கிராண்டிஸின் தாய்நாடு அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில், கடலுக்கு அண்மித்த ஈரப் பள்ளத்தாக்குகளிலும் மலையடிவாரங்களிலும் மழைக்காட்டின் ஓரங்களிலும் வளர்கிறது. ஆழமான, வளமான, நீர் வடிந்தோடும் மண் அதற்கு வேண்டும். அங்கே அதைச் சிலர் வெள்ள மரம் என்ற பொருளில் அழைப்பர். ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்கி நிற்பது அதற்கு ஒத்துவராது. நல்ல இடத்தில் 150 அடி சாதாரணம்; சில மரங்கள் 200 அடியைத் தாண்டும்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வறண்ட மண்ணில் எதையும் தாங்கி நிற்கும் மரமென்று இதைச் சிலர் நினைக்கிறார்கள். அது கமால்டுலென்சிஸுக்குப் பொருந்தும். கிராண்டிஸோ ஈரத்தில் பிறந்து, ஈரத்தைக் குடித்து உயரும் மரம். முதல் ஆண்டுகளில் ஆண்டுக்கு 6 முதல் 10 அடி வரை வளரக் கூடியது. அந்த வளர்ச்சிக்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

எமது மலைகளுக்கு வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. கொழுந்தைக் காயவைக்க விறகு தேவைப்பட்டது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தபின் விறகுக்குக் காடு இல்லை. அந்த இடத்தை நிரப்பவும், காற்றைத் தடுக்கவும் தோட்டத்துரைமார் யூக்கலிப்டஸை நட்டார்கள். பின்னர் அரசு வனத் திணைக்களமும் மலைப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பெருமளவில் நட்டது. கம்பம், பலகை, கட்டிட வேலை, தொழிற்சாலை அடுப்பு எனப் பல தேவைகளுக்கு இந்த மரம் உதவியது. இதை மறுப்பதற்கில்லை. இது இல்லாதிருந்தால் எஞ்சிய காடும் அடுப்புக்குப் போயிருக்கும்.

சப்ரகமுவவில் எல்லா இடமும் ஒன்றல்ல. இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எம்பிலிப்பிட்டிய பக்கம் உலர் வலயம். தெரணியகல, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட பக்கத்தில் றப்பரும் தேயிலையும் கலந்த சரிவுகள். பலாங்கொடைக்கு மேலே உயர்மலை. கிராண்டிஸுக்குப் பிடித்த இடம் குளிர்ந்த நடுமலையும் உயர்மலையுமே. தாழ்ந்த, வெப்பமான ஈரப் பகுதிகளில் அது அந்தளவு சிறப்பாக வருவதில்லை. அங்கே றப்பரும், பலாவும், கித்துளும், ஈரப்பலாவும் முன்னரே இருக்கின்றன.

தண்ணீர்க் கணக்கு

"இந்த மரம் தண்ணீரை உறிஞ்சிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. "அது வீண் பேச்சு" என்று மறுப்பவர்களும் உண்டு. அளவெடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் எமது உறவினர்கள் பலர் இந்தியாவின் நீலகிரிக்குப் போய்க் குடியேறினார்கள். அங்கே உதகமண்டலத்தில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1968இல் இருந்து பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறு நீரேந்து பகுதிகளை அளந்து வந்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதன் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் வழுவழுப்பான பட்டையுடைய இன்னொரு வகையான நீல யூக்கலிப்டஸை நட்டார்கள். முதற் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியில் இருந்து வடியும் நீர் 16 வீதம் குறைந்தது. வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 வீதம் குறைந்தது.

தென்னாபிரிக்காவில் மொக்கோபுலான் என்ற இடத்தில் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. அங்கே நட்டது கிராண்டிஸ். புல்வெளியாயிருந்த சிறு நீரேந்து பகுதி முழுவதிலும் 1969இல் நட்டார்கள். மூன்றாம் ஆண்டில் ஓடையின் நீர் குறையத் தொடங்கியது. ஒன்பதாம் ஆண்டில் ஓடை அடியோடு வற்றியது. 16ஆம் ஆண்டில் மரங்கள் யாவற்றையும் வெட்டினார்கள். அதன் பின்னும் ஓடையில் ஆண்டு முழுவதும் பழையபடி நீர் ஓட ஐந்து ஆண்டுகள் சென்றன. ஆழத்தில் சேர்ந்திருந்த நீரையும் வேர்கள் எடுத்துவிட்டதே இதற்குக் காரணம்.

இதை அப்படியே இரத்தினபுரிக்குப் பொருத்த முடியாது. எமது மழை அந்த இடத்து மழையைவிட மிக அதிகம். மழைக்காலத்தில் எவ்வளவு மரம் நின்றாலும் களு கங்கை பெருகத்தான் செய்யும். ஆனால் எமக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வருவது பெப்ரவரி, மார்ச் மாதங்களில். அப்போது பீலியில் விரல் அளவு நீர்தான் விழும். அந்த விரல் அளவில் கால்வாசி குறைந்தால் ஒரு லயத்துப் பெண்கள் குடத்தோடு இன்னும் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஆண்டு மொத்த மழைக் கணக்கில் இந்தக் காத்திருப்பு தெரிவதில்லை.

புல்வெளியை மரக்காடாக்கினால் எந்த மரமானாலும் நீர் ஓரளவு குறையும். விரைவாக வளரும் மரம் விரைவாகக் குடிக்கும். யூக்கலிப்டஸைத் தனியே சபிப்பதைவிட இந்த விதியை நினைவில் கொள்வது நல்லது.

சரிவும் காற்றும்

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவில் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்தன. விடாமல் பெய்த கடும் மழையே அவற்றின் காரணம். பழியை ஒரு மரத்தின் மேல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மரம் இருந்தால் மலை சரியாது என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்கிறோம். மரவேர்கள் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சிறு சரிவுகளைத் தடுக்கும். பல அடி ஆழத்தில் பாறைக்கும் மண்ணுக்கும் இடையே நீர் புகுந்து மலையே நகரும்போது எந்த வேரும் அதைப் பிடித்து நிறுத்தாது. "மேலே மரம் நட்டிருக்கிறோம், பயமில்லை" என்ற உறுதிமொழியை எவர் தந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஆனால் இந்த மரம் ஓர் உதவி செய்யும். அது இயல்பாகவே நேராக வளரும் மரம். ஒரு சரிவில் நிற்கும் வெள்ளை மரங்கள் பல ஒரே பக்கம் சாயத் தொடங்கினால், அல்லது அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், கீழேயுள்ள மண் நகர்கிறது என்று எண்ண இடமுண்டு. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் பிளவு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது அல்லது கலங்குவது ஆகியவையும் அடையாளங்கள். கண்டால் தாமதியாமல் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். 24 மணித்தியாலத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு.

காற்றும் கவலைக்குரியது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் முதிர்ந்த மரங்களின் கிளைகள் முறியும். மரமே சாய்வதும் உண்டு. லயத்துக்கு மேலே நிற்கும் பழைய மரங்களைப் பற்றி மழைக்கு முன்பே தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எமது காணியில் நடலாமா?

முதலில் ஓர் எளிய கணக்கு. தோட்டங்களில் தனி வீட்டுக்கென 7 பேர்ச்சஸ் காணி கொடுத்தார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் சுமார் 1,900 சதுர அடி. அதாவது பக்கத்துக்கு 44 அடி. 150 அடி உயரும் மரம் விழுந்தால் உங்கள் வீட்டைத் தாண்டி அயல் வீட்டையும் எட்டும். ஆகவே வீட்டுக் காணிக்கு இது மரமல்ல. அங்கே முருங்கை, கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை வையுங்கள். வேலிக்குக் கிளிரிசிடியா வைத்தால் விறகும் கிடைக்கும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும், மண்ணுக்குப் பசளையும் ஆகும்.

ஏக்கர் கணக்கில் காணி உள்ளவர்களும் சங்கமாகச் சேர்ந்து பொதுக் காணி பெற்றவர்களும் இவற்றைக் கவனியுங்கள்:

1. ஊற்று, கிணறு, பீலி ஆகியவற்றுக்கு மேலேயுள்ள குழிவான நிலத்தில் நடாதீர்கள். ஓடைக் கரையையும் விட்டுவிடுங்கள்.

2. வயலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அருகே நடாதீர்கள். வேர் பயிரின் நீரை இழுக்கும், நிழலும் விழும்.

3. வீடு, பாதை, மின்கம்பி ஆகியவற்றில் இருந்து மரம் விழுந்தால் எட்டும் தூரத்துக்கு அப்பால் நடுங்கள்.

4. காணி முழுவதையும் ஒரே மரத்தால் நிரப்பாதீர்கள். ஒரு மூலையில் விறகுத் தோப்பாக வைத்தால் போதும். மரங்களுக்கிடையே 8 முதல் 10 அடி இடைவெளி விடுங்கள்.

5. விறகுக்கு வெட்டும்போது நிலத்தில் இருந்து நான்கு ஐந்து அங்குலம் விட்டு, நீர் வடியும்படி சாய்வாக வெட்டுங்கள். துளிர்களில் உறுதியான ஒன்று அல்லது இரண்டை மட்டும் விடுங்கள். மரம் மிக முதிர்ந்த பின் வெட்டினால் நன்றாகத் துளிர்க்காது.

6. உதிர்ந்த இலையை முழுவதும் கூட்டி அள்ளாதீர்கள். அது மெதுவாகவே உக்கும். என்றாலும் வெறும் மண்ணை மழை அடித்துக்கொண்டு போவதைவிட இலை மூடியிருப்பது மேல்.

7. வெட்டும் முன்பும் மரத்தை ஏற்றி இறக்கும் முன்பும் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். காணி உறுதி கையில் இல்லாதவர்கள், நடும் முன்பே இதைக் கேட்பது நல்லது. பத்து ஆண்டு வளர்த்த மரம் யாருடையது என்ற வழக்கு பிறகு வரக் கூடாது.

யார் தீர்மானிப்பது?

1980களில் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் அரசு யூக்கலிப்டஸை ஊக்குவித்தது. 1983இல் அங்குள்ள விவசாயிகள் நாற்றுமேடைக்குப் போய்க் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புளி விதைகளை விதைத்தார்கள். மரத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. விறகும் தீவனமும் நிழலும் வேண்டிய ஊரில், ஆலைக்கு மட்டும் பயன்படும் மரத்தைத் தம்மைக் கேளாமல் நட்டதே அவர்களது கோபம்.

எமது மலைகளிலும் இந்த மரத்தை நட்டவர்கள் ஒருவர், அதன் கீழே வாழ்பவர்கள் வேறொருவர். பலகையின் விலை ஒருவருக்குப் போகிறது. பீலி வற்றும் கவலையும் கிளை முறியும் பயமும் மற்றவருக்கு வருகின்றன. இடம் பெயர்ந்து புதிய காணிக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு, தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அந்த வாய்ப்பைக் கன்று இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மரத்தின் பெயரைக் கேளுங்கள், பட்டையையும் இலையையும் பாருங்கள், உங்கள் ஊற்று எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அதன் பிறகு குழி வெட்டுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது ஊரின் குடிநீர் எந்த மலையில் இருந்து வருகிறது? அந்த மலையில் என்ன மரங்கள் நிற்கின்றன?

2. கடந்த பத்து ஆண்டுகளில் மாசி, பங்குனி மாதங்களில் பீலி நீர் கூடியதா, குறைந்ததா? மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

3. எமது வீடுகளுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரங்கள் எத்தனை? அவற்றைப் பற்றி யாருக்கு எழுதுவது, யார் எழுதுவது?

4. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு விறகு வேண்டும்? அதை வேலிக் கிளிரிசிடியாவில் இருந்தே பெற முடியுமா?